வாகன வயர்லெஸ் ஏரியலுக்கு ஏற்ற ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும் முறை

கைபேசி இல்லாத வீடு இன்று கிராமங்களில் அரிது. ஆயினும் கைபேசி பேசுவதற்குக் கோபுரம் வேண்டும். கோபுரம் இயங்குவதற்கு மின்சாரம் வேண்டும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கைபேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வரப் பல நாட்கள் ஆயின. சாலையில் விழுந்த மரத்தை அகற்ற டிராக்டர் எங்கே நிற்கிறது, குடிநீர் ஏற்றி வரும் வண்டி எந்த வழியாக வருகிறது என்பதைக் கூட ஆள் அனுப்பித்தான் அறிய வேண்டியிருந்தது.

கோபுரத்தின் துணையின்றி ஒரு வாகனத்திலிருந்து மற்றொரு வாகனத்திற்கு நேரடியாகப் பேச உதவும் எளிய கருவி 'சிட்டிசன் பேண்ட்' எனப்படும் சி.பி. வயர்லெஸ் ஆகும். வாகனத்தின் பேட்டரியிலேயே இது இயங்கும். அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டு 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, எந்தப் பங்கில் டீசல் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள லாரி ஓட்டுநர்கள் இதைப் பெருமளவில் கையாண்டனர். ஆஸ்திரேலியாவில் 1977-இல் அனுமதி கிடைத்தது. அங்குள்ள தானிய விவசாயிகள் அறுவடை இயந்திரம், டிராக்டர், லாரி ஆகியவற்றிடையே பேசிக்கொள்ள 477 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலுள்ள இவ்வகைக் கருவிகளை இன்றும் பயன்படுத்துகின்றனர்.

இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிக்கு 2005-ஆம் ஆண்டு விதிகளின் மூலம் உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஏரியலிலிருந்து வெளிப்படும் திறன் 5 வாட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும். மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற கருவியைத்தான் வாங்க வேண்டும். வாங்கும் முன் நடப்பிலுள்ள விதிகளை ஒரு முறை விசாரித்துக் கொள்வது நல்லது.

ஐந்து வாட் என்பது வீட்டில் எரியும் ஒரு சிறிய எல்.இ.டி. பல்பின் அளவே ஆகும். இந்தச் சிறு திறனைக் கொண்டு சமவெளியில் ஒரு சில கிலோமீட்டர் வரை பேச வேண்டுமாயின், ஏரியல் சரியாக அமைய வேண்டும். ஏரியல் முறியாமலும் சாயாமலும் நிற்பதற்கு, அதன் அடியில் அமையும் ஸ்பிரிங் சரியாக இருக்க வேண்டும். விலை குறைந்த பொருள்தானே என்று ஸ்பிரிங்கைக் கடைசியில் கைக்குக் கிடைத்தபடி வாங்கி மாட்டுவதால் ஏற்படும் தொல்லைகள் பல. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கீழே காண்போம்.

ஸ்பிரிங் எதற்கு?

ஏரியல் தடி ஒரு நெம்புகோல் போன்றது. கடப்பாரையின் நீளம் கூடக்கூடக் கல்லைப் பெயர்ப்பது எளிதாவது போல, தடியின் நீளம் கூடக்கூட அதன் நுனியில் படும் சிறு அடியும் அடிப்பகுதியில் பெரும் விசையாக மாறுகிறது. நாலடி நீளமுள்ள, அதாவது சுமார் 120 செ.மீ. நீளமுள்ள தடியின் நுனியை ஒரு வேப்பங்கிளை 2 கிலோ விசையுடன் இழுப்பதாகக் கொள்வோம். அடியிலுள்ள தகடு 4 செ.மீ. இடைவெளியில் இரண்டு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருந்தால், போல்ட்டின் மீது விழும் இழுவை 60 கிலோ ஆகும். தடி 260 செ.மீ. நீளமாக இருந்தால் அதே 2 கிலோ, 130 கிலோவாகிவிடும். வண்டி ஓடும் வேகத்தில் கிளை மோதும்போது விசை இதனினும் மிகும். மட்கார்டின் மெல்லிய தகடு இதனைத் தாங்காது. தகடு கிழியும், அல்லது போல்ட்டு அறுந்து போகும், அல்லது தடியே முறியும்.

இடையில் ஒரு ஸ்பிரிங் இருந்தால், அடி பட்டவுடன் தடி வளைந்து கொடுத்து, கிளை கடந்தபின் நிமிர்ந்துகொள்ளும். எனவே தடி, ஸ்பிரிங், தகடு ஆகிய மூன்றில் முதலில் வளைந்து கொடுப்பது ஸ்பிரிங்காகவே இருத்தல் வேண்டும். தேர்வின் அடிப்படை விதி இதுவே.

இரண்டு வகைப் பாதை, இரண்டு வகைத் தேவை

விராலிமலைக்கு அருகிலுள்ள கொடும்பாளூரை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் திருச்சி - மதுரை நெடுஞ்சாலை. டிராக்டரைத் தவிர்த்த பிற வாகனங்கள் இதில் மணிக்கு 60, 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். மறுபக்கம் வயலுக்கும் கண்மாய்க் கரைக்கும் செல்லும் வண்டிப்பாதைகள். இங்கு வேகம் குறைவு. ஆனால் சீமைக்கருவேல், வேம்பு, புளி ஆகியவற்றின் கிளைகள் இருபுறமும் தாழ்ந்து நிற்கும்.

இந்த இரண்டு பாதைகளும் ஸ்பிரிங்கிடம் எதிரெதிரான குணங்களைக் கேட்கின்றன. நெடுஞ்சாலையில் காற்று தடியைப் பின்னுக்குத் தள்ளும். வேகம் 30-லிருந்து 60 கிலோமீட்டராக, அதாவது இரு மடங்காக உயர்ந்தால் காற்றின் தள்ளுவிசை நான்கு மடங்காகும். இளகிய ஸ்பிரிங்கில் தடி பின்னோக்கிப் படுத்துக்கொள்ளும். தடி சாய்ந்தால், அதற்கும் வண்டியின் உடலுக்கும் உள்ள இடைவெளி மாறி, சுருதி சேர்த்த நிலை கலைந்து போகும். தடி ஊசலாடினால் மறுமுனையில் கேட்பவருக்குக் குரல் ஏறியும் இறங்கியும் ஒலிக்கும். ஆகவே நெடுஞ்சாலைக்கு விறைப்பான ஸ்பிரிங் வேண்டும்.

வண்டிப்பாதையில் நிலைமை நேர்மாறானது. அங்கு விறைப்பான ஸ்பிரிங் வளையாது நின்றால், ஸ்பிரிங் இல்லாதது போலவே தகடு கிழிந்துவிடும். ஆகவே இளகிய ஸ்பிரிங் வேண்டும்.

வண்டி பெரும்பாலும் எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வயலுக்குரியவை, வேகமும் குறைவு. இவற்றிற்குச் சற்று இளகிய ஸ்பிரிங் பொருந்தும். காய்கறி, நெல் ஏற்றிச் சந்தைக்குச் செல்லும் சரக்கு வண்டிக்குச் சற்று விறைப்பானது பொருந்தும்; வயல் பாதையில் நுழையும்போது மட்டும் தடியை வளைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

ஏரியலின் நீளத்திற்கேற்ற ஸ்பிரிங்

27 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள ஏரியலே இயல்பாகச் சிறந்து இயங்கும். 102 அங்குல எஃகுத் தடியும் 6 அங்குல ஸ்பிரிங்கும் சேர்ந்து 108 அங்குலம், அதாவது 2.74 மீட்டர் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. இதில் ஸ்பிரிங்கின் நீளமும் ஏரியலின் நீளத்திலேயே சேர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு நீளம் வேண்டாம் என்பவர்களுக்கு, கண்ணாடி இழைத் தடியின் மேல் செப்புக் கம்பியைச் சுற்றி மூன்றடி, நாலடி, ஐந்தடி நீளங்களில் ஏரியல்கள் செய்யப்படுகின்றன. குட்டையாகக் குட்டையாக எட்டும் தூரம் ஓரளவு குறையும்.

நீளத்தைப் பொறுத்துப் பொதுவாகப் பின்வருமாறு தேர்ந்தெடுக்கலாம்.

1. இரண்டடிக்குக் குறைந்த ஏரியல்: ஸ்பிரிங் தேவையில்லை. காந்த அடிப்பாகத்துடன் கூரையில் ஒட்டி நிற்பவற்றில், பலத்த அடி பட்டால் காந்தமே விட்டுக்கொடுத்துவிடும்.

2. மூன்றடி, நாலடிக் கண்ணாடி இழைத் தடி: நேர் உருளை வடிவிலுள்ள சிறிய, இலகு ரக ஸ்பிரிங் போதுமானது.

3. ஐந்தடி மற்றும் அதற்கு மேற்பட்ட தடி: நடுப்பகுதி பருத்து இருமுனையும் குறுகிய, பீப்பாய் வடிவக் கனரக ஸ்பிரிங் வேண்டும்.

4. 102 அங்குல எஃகுத் தடி: கனரக ஸ்பிரிங் இன்றியமையாதது.

நாலடித் தடிக்குக் கனரக ஸ்பிரிங் போட்டால் உறுதி கூடும் என்று சிலர் எண்ணுவர். இது தவறு. மெல்லிய தடிக்குத் தடித்த ஸ்பிரிங் போட்டால் ஸ்பிரிங் அசையாது, தடி முறியும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

ஸ்பிரிங்கின் உள்ளே மேல் முனையையும் கீழ் முனையையும் இணைக்கும் பின்னல் செப்புப் பட்டை ஒன்று இருக்க வேண்டும். மின்னோட்டம் ஸ்பிரிங்கின் சுற்றுகள் வழியே சுழன்று செல்லாமல் இந்தப் பட்டை வழியே நேராகச் செல்லும். பட்டை இல்லாத ஸ்பிரிங்கில், வண்டி குலுங்கும்போது சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் கரகரவென்ற ஒலியை உண்டாக்கும். ஏரியலின் சுருதியும் நிலையாக நில்லாது. ஸ்பிரிங்கைக் கையால் வளைத்து, சுற்றுகளுக்கிடையே உள்ளே பார்த்தால் பட்டை தெரியும். வளைக்கும்போது பட்டை இறுகாமல் தளர்வாக இருத்தல் வேண்டும். இல்லையேல் சில நாட்களில் அறுந்துவிடும்.

எவர்சில்வர் வகை எஃகில் செய்த ஸ்பிரிங் விலை கூடுதலானாலும் துருப்பிடிக்காது. குரோமியம் பூசியது மலிவு. ஆனால் வளைந்து நிமிரும் இடங்களில் பூச்சு உதிர்ந்து, மழைக்காலத்தில் துரு ஏறும்.

மரையையும் பார்க்க வேண்டும். இவ்வகை ஏரியல்களில் பெரும்பாலும் 3/8 அங்குலத் தடிப்பில், அங்குலத்திற்கு 24 மரை உள்ள போல்ட்டு வழக்கத்தில் உள்ளது. டிராக்டர் பட்டறையில் கிடைக்கும் மில்லிமீட்டர் மரை நட்டை இதில் வலிந்து ஏற்றினால் மரை தேய்ந்து போகும். ஏரியல், ஸ்பிரிங், அடிப்பாகம் ஆகிய மூன்றையும் கடையிலேயே ஒன்றோடொன்று திருகிப் பார்த்து வாங்குவது நல்லது.

தடியை அழுத்தித் திருகிக் கழற்றுவதற்கென ஒரு சிறு இணைப்பும் விற்பனைக்கு உண்டு. அதன் உள்ளேயும் ஒரு சிறிய ஸ்பிரிங் இருக்கும். அது தடியைப் பூட்டி வைப்பதற்கு மட்டுமே, வளைந்து கொடுக்காது. அதனை அடி ஸ்பிரிங் என்று எண்ணி வாங்கி ஏமாறக் கூடாது.

பொருத்தும் முறை

ஏரியல் தடியும் ஸ்பிரிங்கும் வண்டியின் உடலைத் தொடக் கூடாது. அடிப்பாகத்துடன் வரும் நைலான் வாஷரை விடாமல் போட வேண்டும். அதே சமயம், அடித்தகடு வண்டியின் இரும்போடு நன்கு எர்த் ஆக வேண்டும். தகடு அமரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, போல்ட்டை இறுக்கியபின் சுற்றிலும் பெயிண்ட் அல்லது கிரீஸ் தடவித் துருவைத் தடுக்கலாம். மட்கார்டின் தகடு மெலிதாக இருந்தால், அடியில் உள்ளங்கை அளவு தடித்த இரும்புப் பட்டை ஒன்றை வைத்து இறுக்க வேண்டும்.

கருவிக்கும் ஏரியலுக்கும் இடையே 50 ஓம் வகை ஒயரையே பயன்படுத்த வேண்டும். வீட்டு டி.வி. கேபிள் பார்வைக்கு அது போலவே இருந்தாலும் 75 ஓம் வகையாகும், இதற்கு ஏற்றதன்று.

பொருத்தியபின் ஒரு சோதனை செய்யலாம். தடியின் நுனியில் நூல் கயிறு கட்டி, கொக்கித் தராசை மாட்டி மெல்ல இழுக்க வேண்டும். நாலடித் தடிக்கு 2 கிலோ காட்டுவதற்குள் ஸ்பிரிங் தெளிவாக வளைய வேண்டும். அடித்தகடு அசையக் கூடாது. தகடு அசைந்தால் ஸ்பிரிங் விறைப்பு மிகுந்தது, அல்லது தகடு வலுவற்றது. இழுப்பை மெல்லத் தளர்த்தினால் தடி பழைய இடத்திற்கே திரும்பி நேராக நிற்க வேண்டும். கயிற்றை ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது. விடுபட்ட தடி சாட்டை போல் வீசும். அருகில் நிற்பவர் கண்ணில் பட்டால் பார்வை போகும். தடியின் நுனியில் சிறு உருண்டை அல்லது ரப்பர் தொப்பி மாட்டி வைப்பது நலம்.

மின்கம்பி - ஸ்பிரிங் காக்காத ஆபத்து

கிளை பட்டால் ஸ்பிரிங் காக்கும். மின்கம்பி பட்டால் காக்காது. தடி கம்பியைத் தொட்ட அந்த நொடியிலேயே மின்சாரம் வண்டி முழுவதும் பாய்ந்துவிடும். தடி வளைந்து விலகுவதற்கு முன்பே உயிர் போய்விடலாம்.

சாலை அல்லாத இடங்களில், 11,000 வோல்ட் வரையுள்ள வெற்றுக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மின்பாதுகாப்பு விதி. வயல்களின் மேல் செல்லும் கம்பிகளுக்கும் இதுவே அளவு. கம்பம் சாய்ந்தோ கம்பி தொய்ந்தோ உள்ள இடங்களில் இந்த உயரமும் இராது. இந்த 4.6 மீட்டரை மனதில் கொண்டு கீழ்க்கண்ட கணக்குகளைப் பார்க்கவும்.

டிராக்டர் மட்கார்டு தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் என்று கொள்வோம். அதில் 10 செ.மீ. ஸ்பிரிங்கும் நாலடித் தடியும் பொருத்தினால் நுனி 2.8 மீட்டரில் நிற்கும். கம்பிக்கும் நுனிக்கும் இடையே 1.8 மீட்டர் இடைவெளி உண்டு.

அதே மட்கார்டில் 2.74 மீட்டர் நீளமுள்ள முழு ஏரியலை நிறுத்தினால் நுனி 4.24 மீட்டருக்குச் செல்லும். மிஞ்சுவது 36 செ.மீ. மட்டுமே. ஒரு வரப்பின் மேல் சக்கரம் ஏறினாலே இந்த இடைவெளி குறைந்துவிடும்.

மூன்றரை மீட்டர் உயரமுள்ள அறுவடை இயந்திரத்தின் கூரையில் நாலடித் தடியை நிறுத்தினால், ஸ்பிரிங்கைச் சேர்க்காமலே நுனி 4.7 மீட்டர் ஆகிறது. கம்பியைத் தொடும். எனவே அறுவடை இயந்திரத்தின் கூரையில் நீண்ட ஏரியலை எக்காரணம் கொண்டும் பொருத்தக் கூடாது. ஏணிப் பக்கக் கைப்பிடி போன்ற தாழ்வான இடத்தில் பொருத்தி, நுனி கூரைக்கு மேல் அதிகம் உயராதபடி அமைக்க வேண்டும். இதனால் எட்டும் தூரம் சிறிது குறைந்தாலும் பாதகமில்லை.

கிளையில் மாட்டி வளைந்த தடி விடுபட்டு நிமிரும்போது மேலும் பக்கவாட்டிலும் வீசும் என்பதும் நினைவிருக்க வேண்டும். கம்பிக்கு அருகில் மரங்கள் உள்ள பாதையில் இந்த வீச்சே ஆபத்தாகும். ஆகவே மின்கம்பியைக் கடக்கும் முன் வண்டியை நிறுத்தி, தடியை வளைத்துக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். இவ்வாறு வளைத்துக் கட்ட முடிவதே ஸ்பிரிங்கினால் கிடைக்கும் பெரிய நன்மை.

தவறிப்போய்க் கம்பி வண்டியைத் தொட்டுவிட்டால், டயர் ரப்பர்தானே என்று நம்பி இறங்கக் கூடாது. வண்டியை நகர்த்த முடிந்தால் நகர்த்தி விலகலாம். முடியாவிடில் இருக்கையிலேயே அமர்ந்து, மற்றவர்களை நெருங்க விடாமல், மின்வாரியத்திற்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும். வண்டி தீப்பிடித்தால் மட்டுமே இறங்கலாம். அப்போதும் வண்டியையும் தரையையும் ஒரே சமயத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் தேய்த்தபடியே விலகிச் செல்ல வேண்டும்.

இடி மின்னல் உள்ளபோது திறந்த வயலில் ஏரியலை நிமிர்த்தி வைத்துப் பேசுவதும் ஆகாது.

சுருதி சேர்த்தல்

ஸ்பிரிங்கைப் பொருத்திய பிறகே ஏரியலின் சுருதியைச் சரிபார்க்க வேண்டும். முன்பே சரிபார்த்துவிட்டுப் பின்னர் ஸ்பிரிங்கைச் சேர்த்தால், ஏரியல் நீண்டு சுருதி மாறிவிடும். அனுப்பிய திறனில் எவ்வளவு ஏரியலில் ஏறாமல் திரும்பி வருகிறது என்பதை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் காட்டும். அளவு 1.5 எனில் நூற்றில் 4 பங்கும், 2 எனில் 11 பங்கும், 3 எனில் 25 பங்கும் திரும்பி வருகின்றன. 1.5-க்குள் இருப்பது நன்று. 3-ஐ எட்டினால் பேசுவதை நிறுத்திவிட வேண்டும், கருவி பழுதாகும்.

வெளிநாட்டு முறைப்படி அமைந்த கருவிகளில் 40 சேனல்கள் இருக்கும். அவற்றில் 27-ஆம் சேனல் 27.275 மெகாஹெர்ட்ஸ். 28 முதல் 40 வரையுள்ளவை மேற்கூறிய விலக்கின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றில் பேசக் கூடாது. எனவே 1-ஆம் சேனலிலும் 27-ஆம் சேனலிலும் அளந்து பார்த்தால் போதும். 27-இல் அளவு கூடுதலாக இருந்தால் ஏரியல் நீளம். நுனியைச் சில மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். 1-இல் கூடுதலாக இருந்தால் ஏரியல் குட்டை. ஸ்பிரிங்கைப் புதிதாகச் சேர்த்த இடத்தில் பெரும்பாலும் முதல் குறையே காணப்படும்.

பராமரிப்பு

உழவுப் பருவத்திற்கு முன்னும் அறுவடைக்கு முன்னும், ஆண்டுக்கு இருமுறையேனும் ஸ்பிரிங்கைச் சோதிக்க வேண்டும். சுற்றுகளுக்கிடையே அடைந்த தூசியையும் வைக்கோலையும் நீக்க வேண்டும். நட்டுகளை இறுக்க வேண்டும். உள்ளே செப்புப் பட்டை அறுந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். சுற்றுகளில் விரிசல் தெரிந்தாலோ, தடி நேராக நில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தாலோ ஸ்பிரிங்கை மாற்றிவிட வேண்டும். ஸ்பிரிங்கை வெல்டிங் வைத்துச் சரிசெய்யக் கூடாது. சூடு பட்ட இடம் முறுக்கிழந்து, அடுத்த அடியிலேயே முறியும்.

டிராக்டரில் திருச்சி வானொலி கேட்பதற்காக வைத்துள்ள சாதாரண ஏரியலுக்கும் மேற்கூறியவற்றுள் கிளை, மின்கம்பி பற்றிய எச்சரிக்கைகள் அப்படியே பொருந்தும்.

ஒருவர் மட்டும் சி.பி. கருவி வாங்கிப் பயனில்லை; பேசுவதற்கு மறுமுனையில் ஒரு கருவி வேண்டும். எனவே உழவர் உற்பத்தியாளர் குழுவாகவோ, டிராக்டர் வைத்திருப்போர் நாலைந்து பேர் கூடியோ முடிவு செய்து வாங்குவதே சிறந்தது. வாங்கும் முன் ஊரிலுள்ள வயல் பாதைகளில் ஒருமுறை நடந்து, எந்தெந்த இடத்தில் மின்கம்பி தாழ்ந்துள்ளது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தொய்ந்த கம்பிகளைப் பற்றி மின்வாரியத்திற்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்த உயரத்திற்குள் அடங்கும் ஏரியலை முதலில் முடிவு செய்து, அந்த ஏரியலுக்கேற்ற ஸ்பிரிங்கை அதன் பின்னர் தேர்ந்தெடுத்தால், கருவியும் நிலைக்கும். ஓட்டுபவர் உயிருக்கும் பாதுகாப்பு கிட்டும்.